மூன்று சதவீதக் காளை

பல்லடம் ரோட்டில் இருக்கும் பொன்னப்பு நிட்வேர்ஸ் கம்பெனியை நாலு மெஷினோடு ஆரம்பித்தவர் அப்புசாமி. அந்த வியாழக்கிழமை அவர் தம்முடைய கம்பெனிக்குள் நுழைய முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. இதை அவர் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்பது அவர் கொள்கை.

அவர் வந்த காரியம் ஒரு காளையைப் பற்றியது. காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில் அவர் வளர்க்கும் மயிலைக் காளைக்குத் தொரை என்று பெயர். காளை வளர்ப்போர் சங்கம் இந்த வருஷம் அழகுப் போட்டியை இணையத்தில் நடத்தியது. காளையை நாலு பக்கமும் காட்டும் வீடியோவை அன்று மாலை ஐந்து மணிக்குள் ஏற்றிவிட வேண்டும். படிவம் கம்ப்யூட்டரில்தான் திறக்கும். வாட்ஸப்பில் சுருக்கி அனுப்பிய வீடியோ செல்லாது. அதில் எல்லாக் காளையும் எருமை மாதிரித் தெரிகிறது என்று சங்கத் தலைவரே சொல்லிவிட்டார். வீட்டிலிருந்த லேப்டாப்பைப் பேத்தி தேஜஸ்ரீ கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோய்விட்டாள். ஆகவே கம்பெனி.

போட்டிக்குப் பத்தொன்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அப்புசாமி அதில் ஒருவரைத்தான் கணக்கில் வைத்திருந்தார்: வெள்ளகோவில் சம்பந்தி கன்னையன். போன வருஷம் கன்னையனின் காளை முதல் பரிசு வாங்கியது. அன்று முதல், மகளைப் பார்க்கச் சம்பந்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அப்புசாமி அந்தப் பரிசுக் கோப்பைக்கு நேர் எதிரே உட்காரவைக்கப்பட்டார். அங்கே வேறொரு நாற்காலியும் உண்டு. அதில் எப்போது போனாலும் மடிக்காத துணி கிடந்தது.

வீடியோ அப்புசாமியின் செல்போனில் இருந்தது. செல்போன் பொன்னப்பு கவசத்தில் இருந்தது.

கவசம் என்பது கம்பெனியின் புதுத் துணி. பருத்தி நூலோடு தலைமுடியைவிட மெல்லிய எஃகு இழையைச் சேர்த்துப் பின்னியது. செல்போன் கதிர்வீச்சைத் தடுக்கும், கர்ப்பிணிகள் அணிந்தால் நல்லது என்று சொல்லி, மகன் தரணீதரன் அதை நாடு நாடாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். அன்றைக்கும் ஜெர்மனியில் ஒரு கண்காட்சியில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த அறிமுக விழாவில் அப்புசாமியின் செல்போனுக்கு அந்தத் துணியில் தைத்த உறையை மேடையிலேயே மாட்டினார்கள். திரைக்கு மட்டும் ஒரு சன்னல். பின்புறம் குடும்பப் பெயர் ஜரிகையில். அறுநூறு பேர் பார்த்திருக்க அப்புசாமி மைக்கைப் பிடித்து, "இந்தக் கவசத்த இனி என் கையால கழட்ட மாட்டேனுங்க. இது எங்கூட்டு வாக்கு" என்றார். அந்தத் தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போன சீர்த்தட்டிலும் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் நடுவில் ஒரு கவசம் போனது.

கம்பெனி வாசலில் காவலுக்கு இருந்தவர் பீகாரிலிருந்து வந்து ஒன்பது நாள் ஆனவர். அவர் தலைக்கு மேல் அப்புசாமியின் மூன்றடிப் படம் மாட்டியிருந்தது.

"பேர் எழுது ஐயா. யார் பாக்கணும், எழுது."

அப்புசாமி மேலே படத்தைக் காட்டினார். காவலர் படத்தைப் பார்த்தார். அப்புசாமியைப் பார்த்தார்.

"அவர் இல்லே ஐயா. வெளியே போயிருக்கு."

'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் அப்புசாமி தம் பெயரையே எழுதினார். அதன்பின் அவருக்கு 'விருந்தினர்' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டி, தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்ற படத்தைப் பதினாறு நிமிடம் போட்டுக் காட்டினார்கள். படத்தில் தீப்பிடித்த கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியவர் அவர்தான்.

முன்பு கம்ப்யூட்டர் ரூம் என்று ஒன்று இருந்தது. ஏதாவது நின்றுபோனால் அங்கே போய்ச் சொன்னால், யாராவது வந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். இப்போது அது ஒருங்கிணைந்த தகவல் நடைமுறைத் துறை. பதினொரு பேர் வேலை செய்தார்கள். தட்டுவது தடை செய்யப்பட்டிருந்தது.

துறையின் முன்மேசையில் இருந்த அனுப்பிரியா எழுந்து நின்று கும்பிட்டாள்.

"வாங்கய்யா. உக்காருங்க. என்னங்கய்யா வேணும்?"

"இந்தப் போன்ல ஒரு காளை இருக்குது கண்ணு. அத அந்தக் கம்ப்யூட்டருக்கு மாத்திக் குடுத்தீன்னாப் போதும். ஊட்டுக்குப் போயிருவேன்."

"ஒயர்ல போட்டா ஒரு நிமிசமுங்கய்யா. ஆனா..." அவள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். ஒயர் செருகும் துளைகள் அத்தனையிலும் சிவப்பு அரக்கு வைத்து முத்திரை குத்தியிருந்தது. "தகவல் பாதுகாப்புங்க. அரக்க ஒடைக்கோணும்னா மூணு கையெழுத்து வேணும். எம்.டி. கையெழுத்தும் அதுல ஒண்ணு. அவரு ஜெர்மனில இருக்காருங்க."

"எம்.டி. எம் பையன் கண்ணு."

"தெரியுமுங்கய்யா. ஆனா ஃபாரத்துல அப்படி ஒரு கட்டம் இல்லீங்க. வைஃபைல அனுப்பிரலாம், இருங்க."

விருந்தினர் பொருளைத் துறையின் மேசைமேல் வைக்க விதி இடம் தரவில்லை. பன்னிரண்டடி தள்ளி, தரையில் அடித்த மஞ்சள் கோட்டுக்கு அப்பால், ஒரு முக்காலியின்மேல் செல்போன் வைக்கப்பட்டது. சுவரில் உயரத்தில் இருந்த வைஃபை பெட்டிக்கும் விழா நாளிலேயே கவசம் தைத்துப் போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். எல்லாம் முறைப்படி இருந்தது. அனுப்பிரியா பொத்தானை அழுத்தினாள்.

பத்து நிமிடம் கழித்து ஒரு சதவீதம் என்று காட்டியது. மீதமுள்ள நேரம், பத்தொன்பது மணி.

பன்னிரண்டே முக்காலுக்கு மூன்று சதவீதம் ஆனது.

"எது வரைக்கும் வந்திருக்குது கண்ணு?" என்று அப்புசாமி எட்டிப் பார்த்தார். "கொம்பு வந்துருச்சா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்கய்யா. மொத்தமா வந்தாத்தான் காளை."

"அப்ப இந்த மூணு சதவீதம்?"

அனுப்பிரியா சற்று யோசித்தாள். "அது இன்னும் யாரோடதும் இல்லீங்க."

புகார் ஒன்றைப் பதிவு செய்து, எண் அச்சிட்ட சீட்டைக் கொடுத்தாள். சீட்டு எண் இருநூற்றுப் பதினைந்து. சாப்பாட்டு நேரம் முடிந்து இரண்டு மணிக்குத் துறைத் தலைவர் பிரபாகர் வந்தார். டையில் வெள்ளி ஊசி குத்தியிருந்தார். அப்புசாமியின் காலைத் தொட்டு வணங்கிவிட்டு, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டார்.

"சேர்மன் ஐயாவே எங்க துறையைத் தேடி வந்தது எங்க பாக்கியமுங்க. நீங்க கவலையே பட வேண்டாம். பேக்கிங் செக்ஷன்ல பெட்டி லேபிள் படிக்கிற கைக்கருவி எல்லாமே ரெண்டு வருசமா இப்படித்தான் மெதுவா இருக்குது. அதுகளுக்கும் கவசம் போட்டு எவ்வளவு மரியாதையா வெச்சிருக்கோம், அப்பவும் மெதுவுதான். இது வரைக்கும் இருநூத்திப் பதினாலு புகார். அத்தனையும் தீர்த்தாச்சு."

"இப்ப வேகமாப் போகுதுங்களா?"

"இல்லீங்க. புகார் தீர்ந்துருச்சு." அவர் சுவரைக் காட்டினார். அங்கே பச்சைக் கோடு ஒன்று மேல் நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. "எங்க துறை ஒரு பிரச்சனையைக்கூடக் கவனிக்காம விட்டதில்லைங்க ஐயா. வந்ததும் பதிவு பண்ணிருவோம். பதிவு பண்ணினாப் பாதி வேலை முடிஞ்சுது. மீதிப் பாதிக்கு மீட்டிங் இருக்குது."

மீட்டிங் இரண்டரைக்குக் கூடியது. எந்தப் பழுதானாலும் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டால் அடிவேர் தெரிந்துவிடும் என்பது துறையின் நம்பிக்கை. வெள்ளைப் பலகையில் ஐந்து கட்டங்கள் போட்டுவிட்டுப் பிரபாகர் கேட்கத் தொடங்கினார்.

"ஒண்ணு. வீடியோ ஏன் மெதுவாப் போகுது?"

"பெருசா இருக்குதுங்க சார்," என்றாள் அனுப்பிரியா.

"ரெண்டு. ஏன் பெருசா இருக்குது?"

"ஒம்பது நிமிசம் ஓடுதுங்க."

"மூணு. ஏன் ஒம்பது நிமிசம்? ஐயாதான் சொல்லோணும்."

"நாலு பக்கமும் காட்டோணுமுன்னு சங்கத்துல சொன்னாங்க. தொரை மூணு பக்கம் காட்டிப்போட்டு நாலாவதுக்குத் திரும்ப மாட்டேன்னு நின்னுட்டான். திரும்பற வரைக்கும் புடிச்சுட்டே இருந்தேன்."

"நாலு. ஏன் திரும்பலை?"

"அவனுக்கு மனசு வல்லீங்க."

"அஞ்சு. ஏன் மனசு வரலை?"

அப்புசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கூட்டுக் காளைங்க அது. இன்னொருத்தன் சொன்னான்னு திரும்பாது."

பிரபாகர் ஐந்தாவது கட்டத்தில் எழுதிப் பெருமூச்சு விட்டார். அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு, மூல காரணம் 'காளை' என்றார். தீர்வு: காளைக்குத் திரும்பும் பயிற்சி அளித்தல். பொறுப்பு: சேர்மன். கெடு: அடுத்த மாதம் முதல் தேதி.

"தம்பி, போட்டி இன்னிக்கு அஞ்சு மணிக்கு முடியுதுங்க."

"இது நிரந்தரத் தீர்வுங்க ஐயா. இன்னிக்குத் தேவைன்னா அது தற்காலிகத் தீர்வு. அதுக்கு வேற ஃபாரம்."

தற்காலிகத் தீர்வுக்கென்று இருபத்திரண்டு இனங்கள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. துறை தொடங்கியபோது அவசரமாகத் தேவைப்பட்டதால் சாயப்பட்டறையில் இருந்ததை அப்படியே நகல் எடுத்துக்கொண்டார்கள். அதில் எதையும் விட்டுவிட்டால் ஆடிட்டில் குறை எழுதுவார்கள். ஆகவே கொதிகலன் அழுத்தம் 'பொருந்தாது' என்று குறிக்கப்பட்டது. காற்றோட்டம் என்று வந்த இடத்தில் மின்விசிறிகளை நிறுத்தினார்கள். தண்ணீரின் உப்புத்தன்மை என்று வந்தபோது பிரபாகர் சுற்றிலும் பார்த்துவிட்டு, அப்புசாமி குடிக்க வைத்திருந்த தம்ளரில் ஒரு சோதனைச் சீட்டை நனைத்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தண்ணி சரியா இருக்குதுங்க."

"காளை?"

"மூணு சதவீதங்க," என்றாள் அனுப்பிரியா.

அடுத்து, இடையூறு விலக்கல். கம்பெனியில் வைஃபையைத் தொடுகிற யாவும் நிறுத்தப்பட்டன. பேக்கிங்கில் கைக்கருவிகளை அணைத்தார்கள். வேலை நின்றது. ஒரு காளை போவதற்காக வழி விடுகிறோம் என்று ஒலிபெருக்கியில் தமிழிலும் இந்தியிலும் அறிவித்தார்கள். இந்தி அறிவிப்பைக் கேட்டு இரண்டாவது மாடியிலிருந்த நாற்பது பேர் காளை நிஜமாகவே வருகிறது என்று படியை விட்டு விலகி நின்றார்கள். நாலே கால் மணி. வியர்வை அப்புசாமியின் சட்டைக் காலரைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று சதவீதம் மூன்று சதவீதமாகவே இருந்தது.

அவர் கண்முன் சம்பந்தி வீட்டுப் பரிசுக் கோப்பை வந்தது. இந்த வருஷம் இன்னொன்று சேர்ந்தால் இரண்டையும் பக்கம் பக்கமாக வைப்பார்கள். நாற்காலியைக்கூட நகர்த்த வேண்டியிருக்காது.

"அவ்வளவுதானுங்க ஐயா. எல்லா இனமும் முடிஞ்சுது," என்றார் பிரபாகர் திருப்தியோடு. "தொழிலாளர் பிரதிநிதி கையெழுத்து மட்டும் பாக்கி. அது இல்லாம கமிட்டி செல்லாது."

செக்கிங் செக்ஷனிலிருந்து முத்துப்பேச்சியை அழைத்து வந்தார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பது அவள் வேலை. தீத்தடுப்பு, கான்டீன், குறைதீர்ப்பு என்று மொத்தம் பதினொரு கமிட்டிகளில் அவள் பிரதிநிதி. ஒரு கமிட்டியிலும் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. கழுத்தில் அளவு நாடா தொங்க வந்து நின்றவள், முக்காலியைப் பார்த்தாள்.

"என்னத்துக்கு சார் இந்தப் போனு இந்த வெக்கையில சட்ட போட்டுட்டு உக்காந்திருக்கு?"

"கையெழுத்து இங்க போடும்மா."

"போடுதேன். என்ன கமிட்டின்னாவது சொல்லுங்க."

"போன்ல இருந்து கம்ப்யூட்டருக்கு வீடியோ போக மாட்டேங்குது தாயி," என்றார் அப்புசாமி. அன்று அவர் சொன்னதை முழுசாகக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"எப்படிப் போவும் ஐயா? அது கவசத்துக்குள்ளல்லா கெடக்கு! எங்க செக்கிங்குல அத்தன பொம்பளைக்கும் தெரியுமே. வீட்டுக்காரரு போன் வரக்கூடாதுன்னா, செல்போனக் கவசத் துண்டுல சுத்தி டிபன் பைக்குள்ள வச்சிருவோம். தொடர்பு எல்லைக்கு வெளியன்னு சொல்லிரும். சாயங்காலம் வரைக்கும் ஒரு தொல்ல கெடையாது. நான் மட்டுமே மூணு துண்டு வச்சிருக்கேன், மழைக்காலத்துக்கு ஒண்ணு எச்சா."

மின்விசிறி ஓடாததால் அறையில் எல்லாம் தெளிவாகக் கேட்டது.

பிரபாகரின் முகம் வெளுத்தது. "அப்ப அந்தத் துணி... தடுக்குதுங்களா?"

"நீங்கதானய்யா சர்டிபிகேட் வாங்கிக் குடுத்தீங்க," என்றார் அப்புசாமி.

"வாங்கினேனுங்க. தடுக்கும்னு நாலு பக்கம் எழுதியே வாங்கினேன். ஆனா தடுக்கும்னு யாருங்க ஐயா நெனச்சாங்க? அது எக்ஸ்போர்ட்டுக்குப் போட்டதுங்க. நம்ம ஆபீஸ்லயும் தடுக்கும்னா முன்னாடியே ஒரு சர்க்குலர் விட்டிருப்பேனே!"

அப்புசாமியின் முதுகு இன்னும் ஒரு அங்குலம் நிமிர்ந்தது. எங்கூட்டுத் துணி நிஜமாகவே தடுக்கிறது. இரண்டு வருஷமாகத் தாமும் அதை நம்பவில்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அதை முகத்தில் காட்டவில்லை.

"கழட்டிப்போட்டு அனுப்பிரலாமுங்கய்யா," என்றாள் அனுப்பிரியா. "மணி நாலு நாப்பத்தி நாலு."

"முடியாது கண்ணு." அவர் குரல் இறுகியது. "அறுநூறு பேரு முன்னால சொன்ன வாக்கு. காளைக்காக வாக்க மாத்தினான்னு ஒருத்தன் சொல்லப்படாது."

"என்னன்னு ஐயா சொன்னிய?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

"என் கையால கழட்ட மாட்டேன்னேன்."

"ஒங்க கையாலதானே? எனக்கு ரெண்டு கை இருக்குல்லா."

அவள் மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். "அம்மா! விருந்தினர் பொருளைப் பிரதிநிதி தொடறதுக்குத் தனி ஃபாரம்..." என்று பிரபாகர் எழுந்தார்.

"தம்பி, உக்காருங்க," என்றார் அப்புசாமி. இருபது வருஷத்துக்கு முன்னால் மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்ட குரல். பிரபாகர் உட்கார்ந்தார்.

அப்புசாமி எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அந்தச் சுவரிலும் அவருடைய படம் ஒன்று இருந்தது. இரண்டு அப்புசாமிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் உறை உரிகிற சத்தம் கேட்டது. பிறகு நாற்காலியை இழுக்கிற சத்தம். வைஃபை பெட்டியின் கவசமும் சந்தனத்தோடு கீழே வந்தது.

"ஏறுதுங்கய்யா!" அனுப்பிரியா கத்தினாள். "பதினேழு! நாப்பத்திரெண்டு! எழுவது!"

"எய்யா, மாடு ஓடுது!" என்றாள் முத்துப்பேச்சி.

தொரை நாற்பத்தெட்டு விநாடியில் வந்து சேர்ந்தான். நாலு ஐம்பத்து மூன்றுக்குச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் 'உங்கள் காளை ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று வந்தது. மின்விசிறியைப் போட்டார்கள். சீட்டு எண் இருநூற்றுப் பதினைந்தை முடிப்பதற்காகப் பிரபாகர் அறிக்கையை எழுதி, எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். மூல காரணம்: கம்பெனித் தயாரிப்பு, சொன்னபடி வேலை செய்துவிட்டது. தீர்வு: இனி அப்படி நேராமல் பார்த்துக்கொள்ளப்படும். முத்துப்பேச்சி கையெழுத்துப் போட்டாள்.

மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. அனுப்பிரியா எடுத்து, "ஐயா, வெள்ளகோவில்லருந்து உங்க சம்பந்திங்க" என்று நீட்டினாள். கடிகாரத்தில் நாலு ஐம்பத்தைந்து.

"சொல்லுங்க சம்பந்தி. ஏனுங்க, லேண்ட்லைன்ல கூப்பிடறீங்க?"

"செல்லுல டவரே நிக்க மாட்டேங்குதுங்க." கன்னையன் குரலில் மூச்சு வாங்கியது. "நீங்க கம்பெனிக்குப் போயிருக்கறதா உங்க பொண்ணு சொல்லுச்சுங்க. காத்தால இருந்து வீடியோவக் கம்ப்யூட்டருக்கு அனுப்பறேன், ரெண்டு சதவீதத்துலயே நிக்குது. உங்க கம்பெனில இதுக்குன்னே பெரிய துறை இருக்குதாமே. ஏதாச்சும் வழி கேட்டுச் சொல்லுங்க சம்பந்தி, இன்னும் அஞ்சு நிமிசந்தான் இருக்குது."

அப்புசாமி, உரித்துப் போட்ட கவசத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"போனு எதுலங்க இருக்குது?"

"நீங்க சீர்ல வெச்சுக் குடுத்த கவசத்துலதானுங்க! உங்க மரியாதைக்காக ஒரு நாள் ஒரு பொழுது கழட்டினதில்லீங்க. அதக் கழட்டிப் பாக்கலாமான்னு பையன் கேக்கறான். நான்தான், சம்பந்தியக் கேக்காம தொடப்படாதுன்னு சொல்லிப்போட்டேன்."

நாற்பத்தெட்டு விநாடி போதும். ஐந்து நிமிடத்தில் அந்தக் காளை ஆறு முறை வந்து போகலாம். அப்புசாமி சுவரிலிருந்த தம் படத்தைப் பார்த்தார். படம் உதவிக்கு வரவில்லை. மடிக்காத துணி கிடக்கும் நாற்காலி அவர் கண்ணில் வந்து நின்றது.

"கழட்ட வேண்டாமுங்க சம்பந்தி," என்றார் நிதானமாக. "உடம்புக்கு நல்லதுங்க."

ரிசீவரை வைத்துவிட்டு, செல்போனை எடுத்து முத்துப்பேச்சியிடம் நீட்டினார்.

"மறுபடி மாட்டி உடு தாயி. எங்கூட்டு வாக்கு."